மடிப்பு தின்னும் மூன்று மில்லிமீட்டர்

சென்ற இதழில் பழைய புடவையில் தலையணை உறை தைப்பது பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை ஊசி நூலுக்கு லீவு. அட்டையும் ஸ்கேலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சொல்லப்போகும் விஷயம் என்னவோ தையல் தெரிந்த பெண்களுக்குச் சட்டென்று பிடிபடக்கூடியதுதான்.

எங்கள் வள்ளூர் பக்கம் வந்திருக்கிறீர்களோ இல்லையோ! மீஞ்சூருக்கும் எண்ணூருக்கும் நடுவே இருக்கிறது. ஒரு பக்கம் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி, இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறந்ததிலிருந்து லாரிக்குக் குறைவே இல்லை. உள்ளே என்ன போகிறது என்று கேட்டால் அட்டைப்பெட்டி, அதற்குள் அட்டைப்பெட்டி, அதற்குள் இன்னொன்று. வாசல் தெளிக்க வெளியே வந்தால் கோலத்துக்கு முன்னால் புழுதிதான் வந்து உட்காரும்.

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு பெண் இருக்கிறாள். அப்படி ஒரு லாரியை ஓட்டுகிறவரின் மனைவி. இரண்டு குழந்தைகள், சின்னதுக்கு ஒன்றரை வயது. போன கார்த்திகையில் ஒரு நாள் சாயங்காலம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அக்கா, கோடு கரெக்டாத்தான் போட்டேன்கா. மடிச்சா மட்டும் அளவு எங்க போவுதுன்னே தெரியல. அம்புட்டும் வாணாம்னு திருப்பிட்டாங்கக்கா."

நடந்தது இதுதான். மரச்செக்கு எண்ணெயைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து விற்கும் ஒரு வியாபாரி, பொங்கலுக்கு இரண்டு பாட்டில் கொண்ட பரிசுப் பெட்டி போட நினைத்திருக்கிறார். பெட்டி வெளியே செய்தாகிவிட்டது. உள்ளே பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதாமலிருக்க ஒரு தடுப்பு வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம், துண்டுக்கு இவ்வளவு கூலி என்று பேச்சு. அட்டை வாங்குவது மட்டும் இவள் பொறுப்பு. கம்மலை அடகு வைத்து நெளி அட்டைத் தாள்கள் வாங்கிவிட்டாள். பத்து ராத்திரி குழந்தைகள் தூங்கினபிறகு உட்கார்ந்து 400 துண்டு வெட்டி, கோடு போட்டு, மடித்தும் வைத்துவிட்டாள். கொண்டுபோய்க் கொடுத்தால் பாட்டில் உள்ளே இறங்கவில்லை. அழுத்தி இறக்கினால் லேபிள் கிழிகிறது. அதே தடுப்பைப் பெட்டிக்குள் வைத்தாலோ லொடலொடவென்று ஆடுகிறது. பாட்டிலுக்குச் சின்னது, பெட்டிக்கும் சின்னது. வியாபாரியை எப்படிக் குறை சொல்வது? அவர் பாட்டிலையும் பெட்டியையும் கொடுத்து, "இதற்குப் பொருந்தணும்" என்று சொல்லியிருக்கிறார். பொருந்தவில்லை.

"அழாதேம்மா, ஒண்ணு எடுத்துட்டு வா பார்க்கலாம்" என்றேன். கல்யாணமான புதிதில் ராயபுரத்தில் என் மாமனாரின் தம்பி வைத்திருந்த பைண்டிங் கடையில் நானும் மூன்று வருஷம் அட்டை மடித்தவள். கை மறந்தாலும் கண் மறக்கவில்லை.

தடுப்பின் அமைப்பு ரொம்ப எளிது. நீளமான ஒரே பட்டை. அதை மடித்தால் இடது சுவர், ஒரு பாட்டில் உட்காரும் தளம், நடுவில் எழும்பி மறுபடி இறங்கும் இரட்டைத் தடுப்பு, இன்னொரு தளம், வலது சுவர். பசை கிடையாது, பின் கிடையாது. பாட்டிலின் குறுக்களவு 78 மி.மீ. பக்கத்துக்கு ஒரு மி.மீ. இடம் விட்டு, தளம் 80 என்று வைத்துக்கொண்டிருக்கிறாள். கணக்கு சரி. ஒரு மடிப்புக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 80 மி.மீ. என்று பென்சிலால் அச்சுக் குத்தினாற்போல் போட்டிருந்தாள். அதுவும் சரி. மடித்தபிறகு உள்ளே ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். 77. பாட்டில் 78, இடம் 77. எப்படி இறங்கும்?

காணாமல் போன அந்த 3 மி.மீ. எங்கே? அட்டையின் கனத்துக்குள் போய்விட்டது!

ரவிக்கை வெட்டும்போது உடம்பளவுக்கே துணியை வெட்டுகிறோமா? தையலுக்கு அரை அங்குலம் விடுகிறோம் அல்லவா? தையல் துணியைத் தின்னும். அதுபோல மடிப்பு அட்டையைத் தின்னும். காகிதத்தில் இது தெரியாது. கனம் இல்லாததால் கோடு போட்ட இடத்திலேயே மடியும். நெளி அட்டைக்குக் கனம் உண்டு. கோடு மடிவது கனத்தின் நடுமையத்தில். சுவர் நிமிர்ந்து நிற்கும்போது அதன் பாதிக் கனம் தளத்தின் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இவளுடைய அட்டையின் கனம் 3 மி.மீ. ஒரு மடிப்புக்கு ஒன்றரை, இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று. ஆக உள்ளே 80 வேண்டுமென்றால் கோட்டுக்குக் கோடு 83 போட வேண்டும். உள்ளளவோடு ஒரு கனம். ஒரு பக்கம் மட்டும் மடிப்பு இருந்து மறுபக்கம் வெட்டு விளிம்பாக இருந்தால் அரைக் கனம். இவ்வளவுதான் ரகசியம்.

பெட்டிக்குள் ஏன் ஆடியது என்பதும் இதிலேயே இருக்கிறது. சரியாகச் செய்திருந்தால் சுவர் 3, இடம் 80, நடுத்தடுப்பு இரட்டையாக 6, இடம் 80, சுவர் 3 ஆக மொத்தம் 172. பெட்டியின் உள் அகலம் 174. கச்சிதமாக உட்காரும். இவளுடையது 166 வந்தது. எட்டு மில்லிமீட்டர் காலி. லாரி ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், எண்ணெய் எல்லாம் அட்டைக்குத்தான்.

"அப்போ அட்டை கனம் எவ்ளோன்னு எப்படிக்கா தெரியும்? ஸ்கேல்ல மூணா, மூணரையான்னே தெரியலியே" என்றாள். நல்ல கேள்வி. ஒரு துண்டை அளக்காதீர்கள். பத்துத் துண்டு வெட்டி, அமுக்காமல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, மொத்தத்தை அளந்து பத்தால் வகுத்துவிடுங்கள். கடையில் 'த்ரீ ப்ளை' என்று கேட்டால் எல்லாம் ஒரே கனம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு தாளுக்கு நடுவே ஒரு நெளித் தாள் இருந்தால் அது த்ரீ ப்ளை. அந்த நெளியின் உயரத்தைப் பொறுத்து ஒன்றரை மி.மீ.யும் இருக்கும், மூன்றும் இருக்கும், நாலைத் தாண்டியும் இருக்கும்.

இதோடு முடிந்ததா என்றால், இல்லை. அவள் கொண்டுவந்த கட்டில் சிலது 77 வந்தது, சிலது 75, சிலது 79 கூட வந்தது. ஒரே கை, ஒரே ஸ்கேல், ஏன் இப்படி? துண்டுகளைத் திருப்பிப் பார்த்ததும் புரிந்தது. தாளில் இரண்டு துண்டு கூடுதலாகக் கிடைக்கும் என்று, பாதிக்கு மேல் குறுக்கே திருப்பி வெட்டியிருக்கிறாள். சிக்கனம் நல்லதுதான். இந்தச் சிக்கனம்தான் அவளைக் கவிழ்த்தது.

அட்டையின் வெட்டு விளிம்பைப் பாருங்கள், உள்ளே அலை அலையாக நெளி தெரியும். மேடும் பள்ளமுமாக, வயல் வரப்பு மாதிரி நீளவாக்கில் ஓடுகிறது. இந்தக் கன அட்டையில் ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் சுமார் ஆறரை மி.மீ. மடிப்புக் கோடு இந்த மேடுகளைக் குறுக்கே வெட்டிப் போனால் போட்ட இடத்தில் நிற்கும். மேடுகளுக்கு இணையாகப் போட்டால், கோடு மேட்டின் மேல் விழுந்தாலும் அட்டை வழுக்கிப் பக்கத்துப் பள்ளத்தில்தான் மடியும். எந்தப் பக்கத்துப் பள்ளம் என்று அதற்கே தெரியாது. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அங்கே இங்கே போய்விடும். நீங்கள் எவ்வளவு கவனமாகக் கோடு போட்டும் பலனில்லை.

நமக்கு ஒரு அதிர்ஷ்டம், இந்தத் தடுப்பில் பலமும் அளவும் ஒரே திசையைக் கேட்கின்றன. சுவர் நிமிர்ந்து நின்று பாரம் தாங்க வேண்டுமானால் நெளி மேலும் கீழுமாக, தூண் மாதிரி நிற்க வேண்டும். அப்படி வெட்டினால் மடிப்புக் கோடு தானாகவே நெளிக்குக் குறுக்கே வந்துவிடும். ஆகவே பட்டையின் நீளவாக்கில் நெளி ஓடட்டும். தாளில் இரண்டு துண்டு குறைந்தால் குறையட்டும்.

இனி கோடு அமுக்கும் விதம். பிரஸ்காரர்கள் இதற்கு 'கிரீசிங்' என்பார்கள். வெட்டு விளிம்பில்லாத, முனை மழுங்கிய இரும்புப் பட்டையை மிஷினில் வைத்து அழுத்துவார்கள். 'ரூல்' என்று அதற்குப் பெயர். வீட்டில் நமக்கு எவர்சில்வர் ஸ்பூன் காம்பு போதும். என்னிடம் ஒரு சோமாஸ் கரண்டி இருக்கிறது, தீபாவளிக்குத் தீபாவளி உருட்டி உருட்டிப் பல்லெல்லாம் தேய்ந்தது. அதன் சக்கரம் இந்த வேலைக்கென்றே செய்தது போல் இருக்கிறது! புதுச் சக்கரம் வேண்டாம், தாளைக் கிழித்துவிடும். அட்டைக்கு அடியில் செய்தித்தாளை நாலாக மடித்து மெத்தை மாதிரி போட்டுக்கொள்ளுங்கள். இரும்பு ஸ்கேலை ஒட்டி முதலில் லேசாக ஒரு தடவை, பிறகு அழுத்தி இரண்டு தடவை. உள்ளே நெளி நசுங்க வேண்டும், மேல்தாள் கிழியக்கூடாது. எந்தப் பக்கம் உள்பக்கமாக வரப்போகிறதோ அந்தப் பக்கத்தில் அமுக்குங்கள். நடுத்தடுப்பின் உச்சி மட்டும் எதிர்ப்பக்கம் மடிவதால், அதற்கு அட்டையைத் திருப்பிப் போட்டு அமுக்க வேண்டும். இதை இவள் மறந்திருந்தாள். உச்சியெல்லாம் வெடித்து வாய் பிளந்திருந்தது.

அந்த உச்சிக்கு ஒரு கோடு போதாது. அட்டை அங்கே முழுக்கத் திரும்பித் தன்மேலேயே படுக்கிறது. 3 மி.மீ. தள்ளி இரண்டு கோடு போட வேண்டும். ஏன் மூன்று? முன் சொன்ன கணக்குதான். உள்ளளவு ஒன்றுமில்லை, பூஜ்யம். அதோடு ஒரு கனம்.

(மிட்டாய்க் கடைப் பெட்டிக்குப் போடும் நெளி இல்லாத அட்டைக்கு இந்த முறை தலைகீழ். அதற்கு வெளிப்பக்கத்தில் அமுக்கி, உள்பக்கம் சின்னதாகப் புடைத்து நிற்கும்படி மடிப்பார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

கோடு குறிக்கும்போது ஒவ்வொன்றையும் முந்தின கோட்டிலிருந்து அளக்கக் கூடாது. அரை மில்லிமீட்டர் தப்பு ஆறு கோட்டில் மூன்றாக ஏறி நிற்கும், கந்து வட்டி மாதிரி. எல்லாவற்றையும் இடது ஓரத்திலிருந்தே அளக்க வேண்டும். 120 மி.மீ. உயரச் சுவருக்கு நாங்கள் போட்டது: 121.5, 204.5, 324.5, 327.5, 447.5, 530.5. பட்டையின் முழு நீளம் 652. இவள் முதலில் வெட்டியது 640. இந்த எண்களை ஒரு கெட்டி அட்டையின் ஓரத்தில் குறித்து, ஒவ்வொரு இடத்திலும் சின்ன வெட்டுக் கொடுத்துவிட்டோம். பிறகு ஸ்கேலே வேண்டாம், அந்த அளவுப் பட்டையை வைத்துப் புள்ளி குத்திக்கொண்டே போகலாம்.

எங்கள் ஊரில் கார்த்திகை மார்கழி என்றால் கொசஸ்தலையாற்று ஈரமும் கழிமுகத்து உப்புக்காற்றும் வீட்டுக்குள் வந்து படுத்துக்கொள்ளும். இவள் தாள்களைச் சிமென்ட் தரையில் அடுக்கியிருந்தாள். அடியிலிருந்த தாள் எல்லாம் நமத்த அப்பளம்! நெளி ஈரத்தில் துவண்டால் மடிப்பும் நிற்காது, பாரமும் தாங்காது. கட்டில்மேல் அல்லது பலகைமேல் வையுங்கள். சித்திரை வெயிலில் இதற்கு நேர்மாறு, அட்டை முறுகிப்போய் மடிக்கும்போது மேல்தாள் வெடிக்கும். வாழையிலையில் பொட்டலம் கட்டுமுன் அனலில் வாட்டுகிறோமே, அது மாதிரி இதற்கு ஒரு பக்குவம் உண்டு. பிழிந்த ஈரத்துணியால் கோட்டின் மேல் ஒரு முறை துடைத்துவிட்டு மடித்தால் வெடிக்காது. துடைக்க வேண்டும், நனைக்கக் கூடாது.

இந்த நெளித் தாளின் பூர்வீகம் தெரியுமோ? 1856-ல் இங்கிலாந்தில் முதன்முதலாகக் காப்புரிமை வாங்கியது ஆண்களின் உயரத் தொப்பிக்கு உள்ளே வைக்கும் பட்டையாக! பெட்டி என்ற நினைப்பே அப்போது இல்லை. 1871-ல் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் பாட்டில்களையும் லாந்தர் சிம்னிகளையும் சுற்றி அனுப்ப அதை உபயோகித்தார். ஆக நம் தெருப்பெண் செய்கிற அதே வேலைக்குத்தான் இது பேக்கிங் உலகத்துக்குள்ளேயே வந்தது. சில வருஷம் கழித்து, 1879-ல், புரூக்ளினில் ராபர்ட் கேர் என்பவரின் தொழிற்சாலையில் விதைப் பைகள் அச்சடித்துக்கொண்டிருந்தபோது, மடிப்புக் கோடு போட வேண்டிய இரும்புப் பட்டை இடம் பெயர்ந்து பைகளை வெட்டிவிட்டது. சரக்கு பாழ். ஆனால் அவருக்கு யோசனை பிறந்துவிட்டது. ஒரே அழுத்தில் ஒரு பட்டை வெட்டட்டும், ஒரு பட்டை மடிப்புக் கோடு போடட்டும் என்று. இன்றைக்கு நம் வீட்டுக்கு வரும் பற்பசை டப்பா வரை அந்த முறைதான்.

நம் பக்கத்திலும் இது பெண்கள் கைபட்ட வேலையே. 1920-களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் ஆரம்பித்து வைத்த பிறகு, அந்தச் சீமை முழுக்க எத்தனை வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் தீப்பெட்டிக் கூடு மடித்திருப்பார்கள்! மெல்லிய மரச் சீவலில் மடிப்புக் கோடு இருக்கும். அதில் மடித்து, காகிதம் சுற்றி, பசை தடவி ஒட்டுவார்கள். கோடு தப்பினால் உள்டப்பா இறுகும், அல்லது நழுவும்.

சரி, நம் கதைக்கு வருவோம். வியாபாரியிடம் நானும் கூடப் போனேன். முதலில் ஒரே ஒரு தடுப்பைக் காட்டினோம். இரண்டு பாட்டிலும் இறங்கின, பெட்டிக்குள்ளும் ஆடவில்லை. "பார்க்க நல்லாத்தாம்மா இருக்கு, லாரியில் தாங்குமா?" என்றார். நியாயம்தானே. பேக்கிங் சோதனைச் சாலைகளில் பெட்டியைப் பத்து முறை கீழே போடும் வழக்கம் உண்டு: ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்பு, பிறகு ஆறு முகம். எங்கள் மொட்டைமாடியே சோதனைச் சாலை. பாட்டில்களில் எண்ணெய்க்குப் பதில் தண்ணீர். பழைய தடுப்போடு ஒரு பெட்டி, புதியதோடு ஒரு பெட்டி, இடுப்பு உயரத்திலிருந்து. தெருக் குழந்தைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். பழையது நாலாவது விழுதலில் 'கிளிங்' என்றது, தண்ணீர் ஓடியது. புதியது பத்தும் விழுந்தது. பெட்டி மூலை நசுங்கியது, ஒரு சுவர் கொஞ்சம் சாய்ந்தது, பாட்டில் இரண்டும் முழுசாக இருந்தன. இவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வலித்தது, சொல்லவில்லை.

பழைய 400-ஐ மறுபடி கோடு போட்டுச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டாள். முடியாது. ஒருமுறை நசுங்கிய நெளி நிமிராது. மூன்று மி.மீ. பக்கத்தில் இன்னொரு கோடு போட்டால் பழைய கோட்டில்தான் மடியும். ஈரம் படாதவற்றின் சுவர்களை மட்டும் தட்டையாக வெட்டி, அடுக்கின் நடுவே வைக்கும் பலகைகளாக அதே வியாபாரிக்குக் கொடுத்தாள். கொஞ்சம் காசு வந்தது. மீதியில் என் சமையலறை இழுப்பறைக்கு மூன்று தடுப்பு ஆயிற்று. கரண்டி ஒரு பக்கம், கத்தி ஒரு பக்கம். அவள் வீட்டில் குழந்தையின் உள்ளாடை, சட்டை, துண்டு எல்லாம் தனித்தனி அறையில் இருக்கின்றன.

புதிதாக அட்டை வாங்க முன்பணத்தை வியாபாரியே கொடுத்தார். பொங்கலுக்கு முன் 250 துண்டு கொடுத்தாள். கூலி வந்தது. முதல் நஷ்டம் முழுக்கத் தீரவில்லை, ஒரு கம்மல்தான் திரும்பியிருக்கிறது. இன்னொன்று சித்திரைக்குள் வந்துவிடும் என்கிறாள்.

கைக்குழந்தைக்காரிகளுக்கு ஒரு வார்த்தை. வெட்டும் வேலையையும் மடிக்கும் வேலையையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். குழந்தை தூங்கும்போது வெட்டி முடித்து, பிளேடு கத்தியை மூடி, பரண்மேல் வைத்துவிடுங்கள். உடைத்துப் போட்ட பிளேடு நுனி தரையில் கிடந்தால், தவழும் குழந்தை அதைத்தான் முதலில் கண்டுபிடிக்கும். பழைய பால்பவுடர் டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். மடிக்கும் வேலை விழித்திருக்கும்போது செய்யலாம், பெரியவன் எண்ணி அடுக்கிக் கொடுப்பான். தரையில் குனிந்து ராத்திரி முழுக்க வெட்டி இவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போது கட்டில்மேல் பலகை போட்டு நின்றுகொண்டு வெட்டுகிறாள். அரை மணிக்கு ஒரு முறை நிமிர்ந்து கைவிரல்களை உதறிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். கேட்கிறாளோ என்னவோ.

நேற்று மறுபடி வந்தாள். ஊறுகாய் ஜாடிக்குத் தடுப்பு கேட்கிறார்களாம். கனமான ஜாடி, ஃபைவ் ப்ளை அட்டை.

"அஞ்சு ப்ளைக்கு எவ்ளோ விடணும்கா?"

"பத்துத் துண்டு அடுக்கி அளந்தியா?"

"அளந்துட்டேன்கா. அறுவத்தஞ்சு."

"அப்புறம் என்னைக் கேட்கிறே?"

"இல்லக்கா, ஆறரை. ஒரு மடிப்புக்கு மூணேகால். சரிதானே?"